காப்பு அவிழும்வரை காத்திருந்தவருக்கு

பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போகிற என் செல்வி அப்பாவுக்கு,

இன்றைக்காவது முழுசாகக் கேளுங்கள். நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இப்படி எழுதுவதற்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. புருஷன் போனவள் நன்றாக இருக்கலாமா என்று கீழ் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற அங்கம்மா கேட்பாள். கேட்கட்டும். பதினைந்து வருஷம் என்னைச் சிரிக்க வைத்த மனுஷனுக்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே பிடிக்காது.

மழை இந்த வருஷம் லிந்துலையில் அளவாகப் பெய்கிறது. தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது. லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டார்கள், நீங்கள் இருந்த வரைக்கும் போடாமல். டவுனில் காசிம் நானாவுக்கு இடுப்பு வலி, துணிக்கடையை அவர் மகன்தான் பார்க்கிறான். நீங்கள் உட்காரும் ஸ்டூலில் இன்னும் யாரையும் உட்கார விடுவதில்லையாம். உங்களுக்கு அவ்வளவு மரியாதை வேண்டியதில்லை என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

செல்வி தலவாக்கலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் புத்தகப் பையை வைத்ததும் வைக்காததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா வேலு மாமாவக் கொல்ல வந்தவராமே? பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. நெசமா?"

"நெசந்தான். இரு, டீத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். பிள்ளை மலைத்துப் போய் நின்றுவிட்டது. நீங்கள் எத்தனை தடவை "அவ பெரியவளானதும் நானே சொல்றேன்" என்றீர்கள்? சொல்லாமலே போய்விட்டீர்கள். ஆகவே உங்கள் கதையை உங்களுக்கே எழுதுகிறேன். செல்வியும் பக்கத்தில் இருந்து படிப்பாள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதினால் கோபிக்காதீர்கள்.

உங்கள் அப்பா அங்குச்சாமியும் எங்கள் பெரியப்பாவும் அக்கரையில், இந்தியாவில், ஒரே கரையில் படகு வைத்திருந்தவர்கள். மீன் பிடிக்கிற படகு என்று பேர். துணியும் பீடியும் இருட்டோடு இருட்டாக இக்கரைக்கு வரும். இரண்டு வீட்டுக்கும் ஆள்கள், அடியாட்கள், ஆளுக்கொரு துறை. ஒரு வீட்டுப் படகு போகிற வழியில் மற்ற வீட்டுப் படகு போகக்கூடாது. போனால் கை போகும், கால் போகும். எங்கள் வேலு அண்ணன் தோட்டத்து வேலை பிடிக்காமல் இரண்டு வருஷம் அங்கே போய்ப் பெரியப்பாவுக்குப் படகு ஓட்டிவிட்டு, அந்த வாழ்க்கைக்குப் பயந்து திரும்பி வந்தது. அது திரும்பி வந்த மாதமே உங்கள் வீட்டுப் படகு ஒன்று சுங்கக்காரர்களிடம் சரக்கோடு மாட்டிக்கொண்டது. காட்டிக் கொடுத்தது வேலுதான் என்று உங்கள் அப்பா முடிவு கட்டிவிட்டார். அண்ணன் காட்டிக் கொடுத்ததா? இல்லை என்று அது சூடம் அடித்துச் சத்தியம் பண்ணியது. அது போதும் எனக்கு.

வேலுவின் கதையை முடித்துவிட்டு வா என்று உங்கள் அப்பா அனுப்பியது மூத்தவரை அல்ல, உங்களை. உங்கள் அண்ணன் ராக்கப்பனுக்குப் பெண்டாட்டியும் மூன்று வயதுப் பிள்ளையும் இருந்தார்கள். உங்களுக்கு யாரும் இல்லை. அப்போது இக்கரைக்கு வருவதற்கு இந்தக் காலத்துக் கெடுபிடி எல்லாம் இல்லை. சுதந்திரம் வந்த மறுவருஷ மாசியில், முதுகில் துணிமூட்டையோடு, சேலை விற்கிறவராக நீங்கள் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றீர்கள்.

எந்த நேரம் பார்த்து வந்தீர்கள்! தோட்டத்தில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் ரதி வேஷம் எங்கள் அண்ணனுக்கு. மன்மதனுக்கும் ரதிக்கும் ஆடுகிறவர்களுக்குக் கையில் மஞ்சள் காப்புக் கட்டினால், அது அவிழ்கிற வரைக்கும் வீட்டுக்கு வரக்கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, காமன் பொட்டல் குடிசையில்தான் இருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. காப்புக் கட்டின நாளிலிருந்து அந்த ஆளின் சொந்தப் பேரை யாரும் வாயால் சொல்ல மாட்டோம். வேலு என்று ஓர் ஆள் அந்தப் பதினைந்து நாளும் தோட்டத்திலேயே கிடையாது. ரதியம்மா மட்டும்தான்.

நீங்கள் என்னிடம்தான் முதலில் கேட்டீர்கள்.

"வேலாயுதம்னு ஒருத்தர் இங்க இருக்காராமே, அக்கரையிலேருந்து வந்தவரு?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அந்தப் பேரச் சொல்லாதீங்க. காப்புக் கட்டியிருக்காங்க. ரதியம்மா பொட்டல்ல இருக்காங்க, போயிக் கும்புட்டுக்கிங்க."

உங்கள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சாமி காப்பு கட்டினவன் மேல் கை வைக்கிறவர் இல்லை நீங்கள். உங்கள் கரையிலும் அதற்குப் பயம் உண்டு. அன்றிலிருந்து தினமும் காசிம் நானா கடையில் தங்கிக்கொண்டு, விடிந்ததும் தோட்டத்துக்கு நடந்து வருவீர்கள். வந்து நிற்கிற இடம், மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற பீலிக்கரை. ராத்திரி ஆடின பூச்சை ரதியம்மா அங்கேதான் கழுவ வரும். அது வந்தால் நாங்கள் பொம்பளைகள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவோம். பீலித் தண்ணீரில் அரிதாரம் கரைந்து அண்ணனின் முகம் வெளியே வருவதைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் ஒருவர்தான்.

"காப்பு எப்பங்க அவுப்பாங்க?" என்று என்னிடம் ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள். ஆகா, ஒரு துணி வியாபாரிக்கு என்ன பக்தி என்று நான் நினைத்தேன். ரொட்டியும் சம்பலும் கொடுத்தேன். மூட்டையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம், எங்கள் காம்பரா அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அந்த மூட்டைக்குள் எங்கள் அண்ணனுக்காகக் கொண்டுவந்த கத்தி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஏழாம் நாள் நீங்கள் வரவில்லை. அக்கரையிலிருந்து தந்தி வந்தது, முகத்தைக்கூடக் கழுவாமல் ரயிலுக்கு ஓடினார் என்று காசிம் நானா சொல்லி அனுப்பினார். உங்கள் அண்ணன் ராக்கப்பனை யாரோ கரையில் வைத்துக் குத்திக் கொன்றுவிட்டார்கள். அது எங்களுக்கு அப்போது தெரியாது. நீங்கள் வருவீர்கள் வருவீர்கள் என்று பார்த்து, சேலையெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடுமே என்று ஒரு வெயில் நாளில் மூட்டையைப் பிரித்தேன். கத்தி கிடைத்தது. துணி வெட்டுகிற கத்தி போலிருக்கிறது, இவ்வளவு நீளமா என்று யோசித்தேன். பிறகு அடுப்படிக்குக் கொண்டுபோனேன். பூசணிக்காய் வெட்ட அதைப் போல ஒரு கத்தி கிடையாது.

சித்திரைக் கடைசியில் போலீஸ் வந்தது. நம்முடைய பக்கத்து இன்ஸ்பெக்டர் ஒருவர், இரண்டு ராலாமிக் கான்ஸ்டபிள்கள், அக்கரையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், ஆளை அடையாளம் காட்ட நீங்கள். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் நின்ற அண்ணனுக்குக் கைவிலங்கு மாட்டி ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ராக்கப்பனைக் கொன்றது வேலுதான், கொன்றுவிட்டுக் கடல் தாண்டி ஓடி வந்துவிட்டான் என்று உங்கள் அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். உங்கள் வீட்டுப் படகில் சுக்கான் பிடிக்கிற மாரி, என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சாட்சியும் சொல்லியிருந்தான். அண்ணனை அக்கரைக்குக் கொண்டுபோனால் தூக்குத்தான் என்று எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா காதோடு காதாகச் சொன்னார்.

செல்வி, இந்த இடத்தை நன்றாகப் படி. உன் அம்மா எவ்வளவு பெரிய மக்கு என்று தெரியும்.

அக்கரை இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "மாசி மாசம், பௌர்ணமிக்கு முன்னாடி அந்த ஒரு வாரம், இந்த வேலாயுதத்த இங்க யாராவது பாத்தீங்களா?"

கேட்டது போலீஸ். பொய் சொல்லக்கூடாது. அதுவும் காப்பு விஷயம், அந்த நாளில் வேலு என்று ஓர் ஆளே கிடையாது. கீழ் லயத்துக் கிழவர் முதல் சின்னப் பெட்டைகள் வரை எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "இல்லீங்க." சம்பளக் கணக்கு எழுதுகிற செக்ரோல் புத்தகத்தைப் புரட்டினார்கள். கூத்துக்கு லீவு, அந்தப் பதினைந்து நாளும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் அண்ணனின் பேர் இல்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ தங்கச்சிதானே? அண்ணன் வீட்டுக்கு வந்தானா?"

"வரலீங்க. அண்ணன் அந்த நாளெல்லாம் வீட்டுப் பக்கமே வரலீங்க" என்றேன். சாமிக்குக் கட்டுப்பட்டு இருந்தது என்று பெருமையாக வேறு சொன்னேன்!

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. "ஐயா, ஐயா, அதுதாங்க ரதி! ரதி வேசம் கட்டுனது அதுதாங்க!" என்று கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் சிரித்தார். பூச்சும் சேலையும் முக்காடுமாக ஆடினவன் முகத்தை யார் பார்த்தது? சேலைக்குள் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாமே? இல்லை என்று சொன்னவர்கள், விலங்கைக் கண்டதும் ஆமாம் என்கிறீர்களே? அவர் கேட்டதில் என்ன தப்பு? நாங்கள் ஒவ்வொருவராகச் சொன்னதை அவர் ஏற்கனவே எழுதிக்கொண்டுவிட்டார். நம்முடைய இன்ஸ்பெக்டர் தோட்டத்துத் துரையிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார். என் வாயாலேயே அண்ணனைக் கொன்றுவிட்டேன் என்று தரையில் விழுந்து அழுதேன். அந்த அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் சைப்பிரஸ் மரத்தடியில் நின்றீர்கள். வாயே திறக்கவில்லை. ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் போதும், உங்கள் அப்பா சொன்னபடி எல்லாம் நடந்துவிடும். வாயைத் திறந்தால், ஆளை வெட்டத்தான் வந்தேன் என்று நீங்களே போலீசிடம் சொல்ல வேண்டும். அனுப்பியவர் அப்பா என்று சொல்ல வேண்டும். செத்தது உங்கள் கூடப்பிறந்தவர். அந்த நேரம் உங்கள் மனசு என்ன பாடு பட்டது? எத்தனை தடவை கேட்டேன், "பசி எடுத்துச்சு" என்று சிரித்து மழுப்புவீர்கள். கடைசி வரைக்கும் அதைச் சொல்லவில்லையே நீங்கள்?

ஜீப்பில் அண்ணனை ஏற்றும்போது முன்னால் வந்தீர்கள்.

"ஐயா, இவன் எங்கண்ணனக் கொல்லல. அண்ணன் செத்த அன்னிக்குக் காலையில இவன் இந்தப் பீலியில மூஞ்சி கழுவிக்கிட்டு இருந்தான். நான் பாத்தேன்."

"நீ எப்படிப் பாத்தே?"

"இவன வெட்டணும்னு எங்கப்பா அனுப்பிச்சாரு. காப்பு அவுக்கட்டும்னு ஆறு நாளு காத்துக்கிட்டு இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் உங்களையும் நம்பவில்லை. அத்தாட்சி கேட்டார். காசிம் நானாவுக்கு ஆள் போயிற்று. நீங்கள் கீழே போட்டுவிட்டு ஓடின தந்தியை அவர் கடை ஆணியில் குத்தி வைத்திருந்தார். லிந்துலை முகவரி, உங்கள் பேர், தேதி எல்லாம் இருந்தது. "கத்தி எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர். நீங்கள் என்னைக் கைகாட்டினீர்கள். "இந்தப் புள்ள வீட்டுல மூட்டையில இருக்குங்க."

நான் ஓடிப்போய் அடுப்படியிலிருந்து எடுத்து வந்தேன். கழுவ நேரம் இல்லை. பிடியில் உங்கள் வீட்டுப் படகின் குறி செதுக்கியிருந்தது, அலகில் பூசணி விதை ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கரை இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"நேத்துக் கறிங்க" என்றேன்.

விலங்கு கழன்றது. கண்டாக்கையாகூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எங்கள் அண்ணனை வெட்ட வந்தவருக்கு ஆறு நாள் ரொட்டி போட்டேனே என்று எரிச்சலாக வந்தது. அப்படியே உங்கள் காலில் விழுந்து கும்பிடவும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்? முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மற்றதெல்லாம் நீங்கள் போய் எழுதின கடிதத்தில்தான் தெரிந்தது. வேலு இல்லை என்று ஆனதும், பார்த்தேன் என்று சொன்ன மாரியை இன்ஸ்பெக்டர் பிடித்து உலுக்கினார். ராக்கப்பன் அவனை எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்திருக்கிறார், அந்தக் கோபத்தில் குத்தியிருக்கிறான். படகைக் காட்டிக் கொடுத்ததும் அவனேதான். இத்தனைக்குப் பிறகும் உங்கள் அப்பா உங்களை வாசல் மிதிக்க விடவில்லை. பெற்றவனைப் போலீசில் காட்டிக் கொடுத்தவன் பிள்ளையே இல்லை என்றார். அவரையும் சில மாதம் உள்ளே வைத்தார்கள், படகுகளையும் பறித்துக்கொண்டார்கள். எங்கள் பெரியப்பா அதைப் பார்த்து மிரண்டுபோய்த் தன் படகுகளைத் தானே விற்றுவிட்டார். வெட்டுக் குத்தெல்லாம் அதோடு அடங்கியது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு மட்டும் வரவில்லை.

நீங்கள் மறுபடி எங்கள் லயத்து வாசலில் நின்ற அன்று நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு வந்தீங்க?"

"கத்திய வாங்கிட்டுப் போக வந்தேன்."

"போலீசுக்காரங்க கொண்டு போயிட்டாங்கல்ல?"

"அப்ப மூட்டையக் குடுங்க."

"சேலையெல்லாம் வித்துட்டேன்."

"அப்ப என்னதான் இருக்கு?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே வேலு அண்ணன் காசிம் நானாவைக் கூட்டிக்கொண்டு வந்து பேச்சை முடித்துவிட்டது. "என்னய வெட்டாம உட்டவனுக்கு இதவிட வேற என்னத்தக் குடுக்கிறது? இவ வாய வச்சிக்கிட்டு நானும் கஷ்டப்பட்டுட்டேன், அவரும் கொஞ்சம் படட்டும்" என்றது. நீங்கள் பட்டீர்களா? பட்ட மாதிரித் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, நேற்றுக் கடிதத்தை மடிக்கப் போனேன். அப்போது தபால்காரர் வந்தார். அதனால்தான் இன்றைக்கும் எழுதுகிறேன். அக்கரை முத்திரை. உங்கள் அண்ணி முத்தாயி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் போன சேதியை எழுதினேனே, அதற்கும் பதில் இல்லை என்று மனசு விட்டிருந்தேன். உள்ளே கல்யாணப் பத்திரிகை. மூன்று வயதில் தகப்பனைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளைக்கு, நம்ம சரசுவுக்கு, ஆவணியில் கல்யாணம்.

முத்தாயி அக்கா எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். "எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. எம்மகளுக்கு மாமன் மாலை போட ஆளில்லை. யாரைக் கேட்பது என்று யோசித்தபோது, செய்யாத குத்தத்துக்கு எங்கள் வீட்டால் விலங்கு மாட்டிக்கொண்டு நின்ற மனுஷன்தான் நெஞ்சில் வந்தார். மாமனாரிடம் கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வரட்டும் என்றார். வேலு அண்ணனைக் கூட்டிக்கொண்டு நீயும் பிள்ளையும் வரவேண்டும்."

பத்திரிகையைச் செல்விதான் உரக்கப் படித்தாள். காலஞ்சென்ற ராக்கப்பனின் மகள் என்று இருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், "தாய்மாமன்: லிந்துலை வேலாயுதம்." ராக்கப்பனைக் கொன்றவன் என்று வாரண்டில் எழுதின அதே பேர். அண்ணன் பத்திரிகையை வாங்கி அந்த வரியைத் தடவிப் பார்த்தது. வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மச்சான் இருந்திருக்கணும், பாக்கியம்" என்றது. "நான் போடுற மாலைய அவரு பாத்திருக்கணும்."

நானும் அழுதேன். ஆனால் அந்தப் பழைய அழுகை இல்லை இது. அழுது முடித்ததும் இரண்டு பேருக்கும் நல்ல பசி.

பயணக் கடுதாசிக்கெல்லாம் இன்றைக்கே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. போகவும் திரும்பி வரவும் சேர்த்து வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டான் காசிம் நானாவின் மகன். தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறோம். விலங்கோடு கொண்டுபோவதாக இருந்த கடலை அண்ணன் வேட்டி சட்டையோடு, மடியில் மாலைக்கும் சேலைக்குமான சீரோடு தாண்டப் போகிறது. கப்பலில் வாந்தி எடுக்குமோ என்றுதான் அதற்கு இப்போது கவலை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் மிதிக்க முடியாமல் திரும்பின அந்த வாசலை நான் வலது காலை வைத்து மிதிப்பேன். உங்கள் அப்பாவின் முன்னால் செல்வியை நிறுத்துவேன். "உங்க பிள்ளை உங்களக் காட்டிக் குடுக்கல மாமா, இன்னொரு கொலையிலேருந்து உங்களக் காப்பாத்துனாரு" என்று சத்தமாகச் சொல்வேன். சண்டை போட மாட்டேன். சொல்லிவிட்டு அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். அவர் திட்டினாலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இப்படிக்கு,
அங்குச்சாமி வீட்டு இளைய மருமகள்
பாக்கியம்